பொற்சரிவில் மிதிவண்டிகள்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



2023ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் நம் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார், ஆக ஆறு பேர், பிரெஞ்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் ஏழு நாள் மிதிவண்டியில் சுற்றி வந்தோம். அதைப் பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் பணித்தார். ஆறு பேர் சார்பிலும் நிற்பதால் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம். திராட்சை மதுவுக்குப் பேர்போன நாட்டைப் பற்றிப் பெண்டிரும் சிறுவரும் கூடிய அவையில் என்ன பேசப் போகிறார்களோ என்று முன் வரிசையில் சிலர் முறுவலிப்பது தெரிகிறது. அஞ்ச வேண்டா. எங்கள் பேச்சில் பெரும்பகுதி நிலத்தைப் பற்றியது.

பிலாய் மக்களுக்கு மிதிவண்டி புதிதன்று. உருக்காலையின் முதல் ஊதுலை 1959இல் தொடங்கப் பெற்ற காலத்திலிருந்து நம் தந்தையர் பலர் முறைவேலைக்குச் சைக்கிளில்தான் போய் வந்தனர். ஆனால் பிழைப்புக்காக மிதிப்பது வேறு, பொழுதுக்காக மிதிப்பது வேறு. அங்கே இதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. வண்டியும் வழிகாட்டியும் அவர்கள் தருகிறார்கள். பெட்டி படுக்கைகளை ஒரு வேன் முன்னதாக அடுத்த ஊர் விடுதியில் சேர்த்துவிடுகிறது. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர். அறுபதைத் தாண்டியவர்கள் எங்களில் நால்வர். அவர்களுக்கு மின்விசை துணைபுரியும் வண்டி. சாலையில் வலப்புறம் செல்ல வேண்டும் என்பதே முதல் நாள் முழுவதும் மனத்தை வருத்தியது.

போன் என்னும் பழைய ஊரில் புறப்பட்டோம். அங்கிருந்து தெற்கே சாந்த்னே வரை ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீட்டருக்குத் திராட்சைத் தோட்டங்களின் நடுவே ஒரு பாதை செல்கிறது. பொமார், வொல்னே, மர்சோ, புலிஞி என்று வழிநெடுகச் சிற்றூர்கள். உலகின் செல்வர்கள் போட்டியிட்டு வாங்கும் புட்டிகளில் அச்சாகும் பெயர்கள் இவை. ஊரோ ஒரு மாதா கோயில், ஒரு ரொட்டிக் கடை, ஐம்பது நூறு கல் வீடுகள். நண்பகலில் தெருவில் ஆளே இல்லை.

இந்தச் சரிவுக்குக் ‘கோத் தோர்’ என்று பெயர்; பொற்சரிவு எனலாம். மேலே காடு, கீழே சமவெளி, இடையே சில நூறு மீட்டர் அகலத்துக்குச் சுண்ணாம்பு கலந்த மண். அந்த இடைப்பகுதியிலும் நடுவில் விளைவதற்கே உயர்ந்த மதிப்பு. ஒரு வரப்பு கடந்தால் விலை பாதியாகிவிடும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையைப் பந்தலில் படரவிடுகிறார்கள். நிழலில் குனியாமல் நடக்கலாம். அங்கே கொடி இடுப்பளவுக்கு மேல் வளரவிடாமல் கழிக்கப்பட்டு, கம்பியில் கட்டப்பட்டு, வரிசை வரிசையாக நிற்கிறது. வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர்தான் இடைவெளி. ஆகவே டிராக்டர் வரிசையின் மீது கால் பரப்பிக்கொண்டு, கொக்கு நடப்பதுபோல் நடந்து செல்கிறது. கொடிகளுக்கு நீர் பாய்ச்சுவது வழக்கமில்லை. வானம் தருவதே நீர்.

கம்பத்துப் பன்னீர்த் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பர். அதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விளைந்த ஊரின் பெயரைச் சட்டத்தால் காக்கும் அந்த முறையை மதுவகைகளுக்காகப் பிரெஞ்சு நாட்டார் 1935ஆம் ஆண்டிலேயே நாடு முழுதும் ஒழுங்கு செய்துவிட்டனர்.

போன் நகரத்து மருத்துவ மனையைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. நூறாண்டுப் போரால் மக்கள் பஞ்சத்தில் வாடிய காலத்தில், 1443இல், பர்கண்டிக் கோமகனின் அமைச்சர் நிக்கொலா ரொலேன் என்பவரும் அவர் மனைவியாரும் ஏழைகளுக்காகக் கட்டியது. வண்ண ஓடுகள் வேய்ந்த அதன் கூரை பாய் முடைந்தாற்போல் மின்னுகிறது. நெடுங்கூடத்தில் சிவப்புத் திரையிட்ட கட்டில்கள் இரு பக்கமும் இன்றும் இருக்கின்றன. 1971 வரை அங்கே நோயாளிகள் இருந்தனர். அந்த அறத்துக்காகப் பலர் தோட்டங்களை எழுதிவைத்தனர். இன்று ஏறக்குறைய அறுபது ஹெக்டேர். அவற்றின் விளைவு ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று ஏலம் விடப்பட்டு, பணம் மருத்துவ மனைக்குச் சேர்கிறது. இந்த ஏலம் 1859 முதல் நடைபெறுவது. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் நிலம் எழுதிவைத்த மரபினர் நாம்; எழுதிவைத்த நிலம் ஐந்நூறு ஆண்டுக்குப் பின்னும் எழுதியவர் கருதிய பணிக்கே பயன்படுவதைக் கண்டபோது எங்களில் ஒருவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. காரணம் நீங்கள் அறிவீர்கள்.

நாங்கள் சென்றது பறிப்புக் காலம். விடியலிலேயே ஆண்களும் பெண்களும் குனிந்து குலைகளை வெட்டிக் கூடையில் இடுகிறார்கள். பலர் பிற நாடுகளிலிருந்து சில வாரக் கூலிக்கு வந்தவர்கள். பிழைப்புக்கு ஊர் விட்டு வந்தவர்களை எந்த நாட்டிலும் எங்கள் கண் எளிதில் கண்டுகொள்கிறது. போன் ஊரில் பறிப்புத் தொடங்கிய நாள்களை 1354 முதல் 2018 வரை வரிசைப்படுத்தி அறிஞர்கள் 2019இல் வெளியிட்டனர். 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28. 1988க்குப் பின் அதனினும் பதின்மூன்று நாள் முன்னதாக. வெப்பம் கூடிவிட்டது. அதனால் தளிரும் முந்துகிறது, பின்பனியில் கருகுகிறது. 2021 ஏப்ரலில் இரவு முழுவதும் வரிசைகளிடையே பெரிய மெழுகுத் தீபங்களை ஏற்றிக் காவல் காத்தனர். கேட்பதற்குக் கார்த்திகை விளக்கீடுபோல் இருக்கிறது. காத்தவர்களுக்கு அது மரண வீட்டு இரவாக இருந்தது என்றார் வழிகாட்டி.

சாந்த்னேக்கு அருகில் ஓர் உழவர் வீட்டில் நண்பகல் உணவு. எங்களில் மது தொடாதவர் நால்வர் என்று வழிகாட்டி முன்பே சொல்லிவைத்திருந்தார். வீட்டம்மையார் புளிக்காத திராட்சைச் சாறும், ரொட்டியும், பாலாடைக் கட்டியும், தோட்டத்துத் தக்காளியும் வைத்தார். கடுகு விழுதும் இருந்தது. நாம் கடுகை எண்ணெயில் வெடிக்கவிடுகிறோம்; அவர்கள் அரைத்துக் கண்ணீர் வரவழைக்கிறார்கள்.

அவருக்கு ஆறு ஹெக்டேர் நிலம், நம் கணக்கில் பதினைந்து ஏக்கர். ஆனால் அது இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாக மூன்று ஊர்களில் கிடக்கிறது. ஒரு துண்டில் ஒன்பது வரிசைதான். காரணம் கேட்டோம். நெப்போலியன் காலத்து 1804ஆம் ஆண்டுச் சட்டம், ஆண் பெண் என்று பாராமல் மக்கள் எல்லார்க்கும் பங்கு உண்டு என்கிறது. (நம் நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு தமிழகத்தில் 1989இலும் நாடெங்கும் 2005இலும்தான் வந்தது.) நீதியான சட்டம்; நிலத்தை மட்டும் அது நறுக்கிக்கொண்டே போகிறது. முந்திய நாள் நாங்கள் பார்த்த க்ளோ த வூழோ என்னும் மதில் சூழ்ந்த தோட்டம் ஐம்பது ஹெக்டேர். துறவியர் கையில் ஒன்றாக இருந்தது. இன்று அதற்கு ஏறக்குறைய எண்பது உடையவர்கள்.

“பிரிப்பது பெரிதில்லை ஐயா, நிலத்தின் விலைதான் எங்களைக் கொல்கிறது” என்றார் அவர். சிறந்த தோட்டங்களில் ஒரு ஹெக்டேர் பல மில்லியன் யூரோ. உழுபவன் அந்த விலைக்கு வேண்டிய பணத்தை ஒரு வாழ்நாளில் காண மாட்டான். ஆனால் தந்தை இறந்தால் அந்த விலைக்கு வரி கட்ட வேண்டும், உடன்பிறந்தார்க்கு அந்த விலைக்குப் பங்கு தர வேண்டும். இயலாதவர் விற்கிறார், வாங்குபவர் பெருஞ்செல்வர். ஏழரை ஹெக்டேர் கொண்ட க்ளோ த தார் தோட்டம் 2017இல் அப்படியே ஒரு கோடீசுவரக் குடும்பத்தின் நிறுவனத்துக்குப் போயிற்று. அவருடைய மகள் பாரிசில் வேலையில் இருக்கிறாள். மகன் தோட்டத்தில் நிற்கிறான். “என் மகள் விற்கச் சொல்லவில்லை. ஆனால் அவள் கணவர் கணக்கு அறிந்தவர்” என்று சொல்லி அவர் சிரித்தார். வீட்டம்மையார் சிரிக்கவில்லை.

பிறகு அவர் எங்களைக் கேட்டார்: “உங்கள் ஊரில் உங்கள் நிலம் யார் கையில் இருக்கிறது?”

ஒருவர், தஞ்சைப் பக்கத்தில் தம் பங்கைத் தம்பியே பார்த்துக்கொள்கிறார், பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கிறது என்றார். ஒருவர், 1994இல் விற்று இங்கே வீடு கட்டினோம் என்றார். மூன்றாமவர், நான்கு எல்லைக் கல்லில் இரண்டு மட்டுமே தமக்குத் தெரியும் என்றார். வழிகாட்டி மூன்றையும் மொழிபெயர்த்தார். உழவர் மூன்றாமவரைப் பார்த்து, “ஐயா, இந்தக் குளிர்காலத்திலேயே போய் மற்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள்” என்றார். அவர் போய் வந்தார். ஒன்று கிடைத்தது.

அடுத்த இரு நாள்களும் கால்வாய்க் கரையோரம் மிதித்தோம். சோன் ஆற்றையும் லுவார் ஆற்றையும் இணைக்கப் பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டியது. சரக்குப் படகுகளை இழுத்துக் குதிரைகள் நடந்த கரைப்பாதை இன்று மிதிவண்டிகளுக்கு ஆயிற்று. ஏற்றமே இல்லை, இருபுறமும் மரநிழல், மேய்ச்சல் நிலத்தில் வெண்ணிறச் சாரொலே மாடுகள். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்தப் பகுதியை மட்டும் தேர்ந்துகொண்டாலும் போதும். செலவுக் கணக்கும், விசாவுக்கு வேண்டிய தாள்களின் பட்டியலும், சைவ உணவினர் எடுத்துச் செல்ல வேண்டிய பொடி வகைகளும் ஒரு குறிப்பேட்டில் எழுதிச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். விரும்புவோர் பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்கு எடுத்துச் சென்றால் திருப்பித் தந்துவிட வேண்டுகிறோம்.