சாவியில்லாப் பூட்டு

பூட்டைச் சாவியின்றித் திறப்பது கள்வர் தொழில் என்றே நேயர்கள் கருதுவீர்கள். நமக்கோ அது பொழுதுபோக்கு. நமக்குச் சொந்தமான பூட்டையன்றி வேறொன்றைத் தொடுவதில்லை என்பது விரதம்.

சென்ற வாரம் புதிய கம்பிகள் வாங்கினோம். பழையவை தடித்தவை, சாவித் துவாரத்தில் நுழைந்தால் அசைய இடமிராது. முதலில் ஒரு சாதாரணப் பூட்டை எடுத்துக்கொண்டோம். அதனுள் சுருள்வில் அழுத்தும் ஐந்து ஊசிகள் உண்டு. வளைந்த கம்பியால் உருளையை மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் ஊசிகளைத் தடவ வேண்டும். ஊசித் துளைகள் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. மயிரிழைப் பிசகு இருக்கும். ஆகவே ஓர் ஊசியே முதலில் இறுகும். அதை உயர்த்தினால் விரல் நுனியில் மெல்லிய சொடுக்கு. பிறகு அடுத்தது. நான்கே நிமிஷத்தில் பூட்டு திறந்தது. அதே வகைப் பூட்டுத்தான் நம் வாசற்கதவிலும்! மறுநாளே மாற்றிவிட்டோம்.

1851-இல் லண்டனில், அறுபதாண்டுகளாக எவருக்கும் வசப்படாதிருந்த பிராமா பூட்டைத் திறக்க ஹாப்ஸ் என்னும் அமெரிக்கருக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது. நமக்கும் அத்தகைய பொறுமை வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து தில்லிக்குக் கொணர்ந்த டிரங்குப் பெட்டியில் திண்டுக்கல் பூட்டொன்று தொங்குகிறது. வீடு மாறியபோது சாவி தொலைந்தது. உள்ளே இருப்பவை அன்னையார் எழுதிய கடிதங்கள். அது லீவர்ப் பூட்டு. தகடுகள் யாவும் குறித்த உயரத்தில் ஒருங்கே நிற்க வேண்டும். ஒன்று சற்று மிகுதியாக எழுந்தாலும் தடுத்துவிடும். புதிய கம்பிகள் அங்கே பயன்படவில்லை.

வளையத்தை அறுத்துவிடலாம் என்கிறார் இல்லத்தரசியார். இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தவணை கேட்டிருக்கிறோம்.