வெண்கலம் நழுவிய ஆட்டமும் நமது இளைஞரும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா என்றால் வெற்றிகளை எண்ணிப் பார்ப்பது வழக்கம். பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அரசுப் பணியில் அமர்ந்தோர் எத்தனை பேர் என்று கணக்குச் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கை இம்மலரில் மற்றவர்கள் சிறப்பாகத் தருவார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஒரு தோல்வியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். ஒரே ஒரு கோல் இடைவெளியில் ஒரு பதக்கத்தை இழந்த பெண்கள் அணியின் கதை அது. வென்றவர்களைப் போற்ற உலகமே இருக்கின்றது. தோற்றபோது நிமிர்ந்து நிற்பது எப்படி என்பதனை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆதலின் இப்பொருளைத் தேர்ந்தோம்.

யார் அந்தப் பெண்கள்?

2020-ஆம் ஆண்டு நடைபெற வேண்டிய டோக்கியோ ஒலிம்பிக் போட்டி, கொரோனா பெருந்தொற்றின் காரணமாக 2021-இல் நடைபெற்றது. அதில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியும் கலந்துகொண்டது. ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி முதன்முதலில் சேர்க்கப்பட்டது 1980-இல், மாஸ்கோ நகரில். அங்கு நான்காம் இடம் பெற்ற நம் அணி, அடுத்த ஒலிம்பிக்கில் கால் வைக்க 36 ஆண்டுகள் காத்திருந்தது. 2016-இல் ரியோ நகரில் ஆடியபோது பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தது. எனவே டோக்கியோவுக்குச் சென்ற இப்பெண்களிடம் எவரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

அணித் தலைவி ராணி ராம்பால், அரியானாவில் வண்டி இழுத்துப் பிழைத்த ஒரு தொழிலாளியின் மகள். சலீமா டேட்டேயும் நிக்கி பிரதானும் ஜார்க்கண்டின் பழங்குடிச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். முன்வரிசையில் ஆடிய வந்தனா கட்டாரியா, உத்தராகண்ட் மாநிலம் ஹரித்துவாரை அடுத்த ரோஷனாபாத் என்னும் ஊரைச் சேர்ந்தவர். நம்மைப் போன்று ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். பெண்பிள்ளை மைதானத்திற்குப் போவதை ஊர் விரும்பாதபோது, அவருடைய தந்தை நாகர் சிங் மகளுக்குத் துணை நின்றார். 2013-இல் இளையோர் உலகக் கோப்பையில் இங்கிலாந்தை வென்று இந்தியா வெண்கலம் பெற்றதே, அந்த அணியிலும் வந்தனா இருந்தார்.

டோக்கியோவுக்கு இரண்டு மாதங்களே இருந்த நிலையில், 2021 மே மாத இறுதியில் அத்தந்தை காலமானார். பெங்களூருப் பயிற்சி முகாமில் தொற்றுக் கட்டுப்பாட்டிற்குள் இருந்த வந்தனாவால் தந்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் இயலவில்லை. அந்தத் துயரத்தைச் சுமந்தபடியே அவர் ஒலிம்பிக் சென்றார்.

மூன்று தோல்விகளுக்குப் பின்

முதல் ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 5–1 என்று தோற்றார்கள். அடுத்து ஜெர்மனியிடம் 2–0. அதற்கும் அடுத்து, ரியோவில் தங்கம் வென்ற பிரிட்டனிடம் 4–1. மூன்று ஆட்டங்களில் மூன்று தோல்விகள். இவ்வளவுதான் இவர்கள் என்று பலரும் முடிவு கட்டியிருப்பார்கள்.

அவர்கள் அப்படி முடிவு கட்டவில்லை. நான்காம் ஆட்டத்தில் அயர்லாந்தை 1–0 என்று வென்றார்கள். அந்தக் கோல் விழுந்தது 57-ஆம் நிமிடத்தில், ஆட்டம் முடிய மூன்று நிமிடங்கள் இருக்கும்போது. ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவை 4–3 என்று வென்றார்கள். நான்கில் மூன்று கோல்கள் வந்தனா அடித்தவை. ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் என்னும் பெருமை அன்று அவருக்கு வந்தது. கால் இறுதியில் வலிமை மிக்க ஆஸ்திரேலியாவை 1–0 என்று வீழ்த்தினார்கள். இந்தியப் பெண்கள் ஒலிம்பிக் அரை இறுதிக்குச் சென்றது அதுவே முதன்முறை.

ஆகஸ்டு 4 அன்று அரை இறுதியில் அர்ஜென்டினாவிடம் 2–1 என்று தோற்றார்கள்.

அன்று ரோஷனாபாத்தில் நடந்தது

தோல்விச் செய்தி வந்த சிறிது நேரத்தில், ரோஷனாபாத்தில் வந்தனாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தது. ஆதிக்கச் சாதியினர் சிலர் அங்கு கூடி ஆடியதாகவும், சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாகவும், அணியில் தலித்துகள் அதிகம் இருந்ததால்தான் நாடு தோற்றது என்று ஏசியதாகவும் குடும்பத்தார் காவல் துறையிடம் புகார் அளித்தனர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்குப் பதிவாயிற்று, கைதுகளும் நடந்தன.

தோழர்களே, இதன் உட்பொருளை ஊன்றி நோக்குங்கள். நான்கு நாட்களுக்கு முன் அவர் மூன்று கோல் அடித்தபோது அது இந்தியாவின் வெற்றியாக இருந்தது. அணி தோற்றபோது அது ஒரு சாதியின் தோல்வியாக மாற்றப்பட்டது. வெற்றி பொதுச் சொத்து, தோல்வி சேரியின் பங்கு என்பதுதான் இந்தக் கணக்கு. பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவருடைய வாசலில் மட்டும் பட்டாசு வெடிக்கின்றது என்றால், அந்த மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஆட்டத்தை அன்று.

இது இன்று நேற்று வந்த நோயும் அன்று. நூறாண்டுகளுக்கு முன் பல்வாங்கர் பாலு என்னும் பந்து வீச்சாளர் இருந்தார். சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் ஆடும் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை செய்துகொண்டே அவர்களுக்குப் பந்து வீசிப் பழகியவர். பின்னர் இந்து அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை அவர்களும் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர் தந்தார்கள். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அத்தகையவருக்கு அணித் தலைமை ஒருநாளும் தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923-இல் இந்து அணிக்குத் தலைவரானபோதுதான் அந்தக் கதவு திறந்தது. மண் குவளைக்கும் வாசல் பட்டாசுக்கும் இடையே நூறாண்டுகள் கடந்துவிட்டன. வழியும் கொஞ்சம் கடந்திருக்கின்றோம். பாலுவின் காலத்தில் புகார் கொடுக்கச் சட்டம் இல்லை. வந்தனாவின் குடும்பத்திற்கு 1989-ஆம் ஆண்டின் சட்டம் இருந்தது. அதனை எடுத்துப் பயன்படுத்தும் துணிவும் இருந்தது.

ஆகஸ்டு 6

இரண்டே நாள் இடைவெளி. வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டம். எதிரே நின்றது, ஒன்பது நாட்களுக்கு முன் தங்களை 4–1 என்று வீழ்த்திய அதே பிரிட்டன்.

முதல் கால் பகுதியில் இரு தரப்பிலும் கோல் இல்லை. கோல் காவலர் சவிதா பூனியா பல தாக்குதல்களைத் தடுத்து நின்றார். 16-ஆம் நிமிடத்தில் பிரிட்டன் முதல் கோலையும், 24-ஆம் நிமிடத்தில் இரண்டாவது கோலையும் அடித்தது. இங்கேதான் பல அணிகள் தலை கவிழும். நம் பெண்கள் என்ன செய்தார்கள்? 25-ஆம் நிமிடத்தில் பெனால்டி கார்னர் வாய்ப்பை குர்ஜீத் கௌர் கோலாக்கினார். அடுத்த நிமிடமே இன்னொரு பெனால்டி கார்னர், இன்னொரு கோல். 29-ஆம் நிமிடத்தில் மூன்றாவது கோல். அதனை அடித்தவர் வந்தனா கட்டாரியா.

எந்த வீட்டு வாசலில் பட்டாசு வெடித்ததோ, அந்த வீட்டுப் பெண்ணின் மட்டையிலிருந்துதான் இந்தியாவை முன்னிலைக்குக் கொண்டுவந்த கோல் பிறந்தது. ஏசியவர்களுக்கு அவர் சொன்ன விடை அதுவே. இடைவேளையின்போது 3–2 என்று இந்தியா முன்னணியில் இருந்தது.

இரண்டாம் பாதியில் 35-ஆம் நிமிடத்தில் பிரிட்டன் ஆட்டத்தைச் சமன் செய்தது. 48-ஆம் நிமிடத்தில் நான்காவது கோல் அடித்தது. எஞ்சிய பன்னிரண்டு நிமிடங்களும் நம் பெண்கள் விடாமல் போராடினார்கள். சமன் செய்யும் கோல் வரவில்லை. 4–3. பதக்கம் போயிற்று. மைதானத்திலேயே அழுதார்கள். வென்ற பிரிட்டன் தரப்பே எதிர் அணியின் ஆற்றலை மனமாரப் பாராட்டியது.

இந்தத் தோல்வியை எப்படி அளப்பது?

தேர்வுத் தாளை அளப்பது போல அளப்போம். ஜூலை 28-இல் அதே அணியிடம் மூன்று கோல் இடைவெளியில் தோற்றவர்கள், ஆகஸ்டு 6-இல் ஒரே கோல் இடைவெளியில் தோற்றார்கள். 2016-இல் பன்னிரண்டாம் இடம். 2021-இல் நான்காம் இடம். பதக்கப் பட்டியலில் இந்த வளர்ச்சிக்கு இடம் இல்லை. நம்முடைய பட்டியலில் இருக்க வேண்டும்.

அதற்காக, தோற்றவர்கள் மறுமுறை கட்டாயம் வெல்வார்கள் என்று பொய்யான ஆறுதலும் சொல்ல மாட்டோம். 2024 சனவரியில் ராஞ்சியில் ஜப்பானிடம் 1–0 என்று தோற்று, இதே அணி பாரிஸ் ஒலிம்பிக்கிற்கே தகுதி பெறாமல் போயிற்று. உழைப்புக்கு உடனே கூலி கிடைக்கும் என்று எவரும் எழுதித் தரவில்லை. ஆயினும் வந்தனா ஆட்டத்தை விடவில்லை. அர்ஜுனா விருதும், 2022-இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றபோது 320 பன்னாட்டு ஆட்டங்கள் ஆடி 158 கோல்கள் அடித்திருந்தார். இந்தியப் பெண்களில் அத்தனை ஆட்டங்கள் ஆடியவர் அப்போது வேறு எவரும் இல்லை. அதே டோக்கியோ அணியில் இளம் வீராங்கனையாக இருந்த பழங்குடிப் பெண் சலீமா டேட்டே 2024-இல் இந்திய அணிக்கே தலைவியானார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தங்கைகள் இச்செய்தியை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நமது ஊருக்கு வருவோம்

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் தலைமுறை மாணவர்கள். பரம்பரையாகப் படித்த வீட்டில் ஒரு பையன் தேர்வில் தவறினால், அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். நம் வீட்டில் ஒருவன் தவறினால், நமக்குப் படிப்பு வராது என்ற பழஞ்சொல் ஊரிலிருந்து வருகின்றது; சில வேளை நம் வாயிலிருந்தே வருகின்றது. அந்தச் சொல்லும் வாசலில் வெடிக்கும் பட்டாசுதான். அதைக் கேட்டுத்தான் பல பிள்ளைகள் கரும்பு வெட்டவும், வெளியூர்க் கட்டட வேலைக்கும், மலையிலிருந்து செம்மரம் வெட்டவும் போய்விடுகின்றார்கள். ஒரு பாடத்தில் தவறியது ஒரு பாடத்தில் தவறியதே. அது சாதியின் தீர்ப்பு அன்று.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த நிலம். அங்கே பள்ளிக்கூடமும் சாலையும் பிந்தியே ஏறின. பின்தங்கித் தொடங்கிய ஓட்டக்காரன் கடைசியாக வந்தான் என்று மட்டும் எழுதுவது நேர்மையான கணக்கு ஆகாது. எங்கிருந்து ஓடத் தொடங்கினான் என்றும் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. 2024 சூன் மாதம் நமது கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. உழைத்துக் களைத்த மனிதனுக்கு மாலைப்பொழுதில் போக்கிடம் எது என்ற கேள்வியை அந்தப் பிணங்கள் நம் முன் வைத்துவிட்டுப் போயின. காய்ச்சியவனையும் விற்றவனையும் கண்டுகொள்ளாதவனையும் தண்டிப்பது அரசின் கடமை. அதனைக் கேட்டுக்கொண்டே இருப்போம். கூடவே, ஒவ்வொரு சேரிக்கும் ஒவ்வொரு மலையூருக்கும் ஒரு படிப்பகமும், ஒரு கபடிக் களமும், ஒரு கைப்பந்து வலையும் வேண்டும் என்று கேட்போம். மாலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருக்கும் பையனைச் சாராயம் தேடிப் பிடிப்பது கடினம். பெண்பிள்ளைகளுக்கும் அந்த மைதானத்தில் சம பங்கு வேண்டும். மகள் ஆடப் போவதைத் தடுக்கும் தந்தையிடம் நாகர் சிங்கின் பெயரைச் சொல்லுங்கள்.

தம்பி தங்கையருக்கு மூன்று செய்திகளைச் சொல்லி அமைகின்றோம். தோல்வி வந்தால், எத்தனை கோலில் தோற்றோம், சென்ற முறை எத்தனை கோலில் தோற்றோம் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அத்தோல்வியின் மேல் எவராவது சாதியை ஏற்றினால், கைகலப்பில் இறங்காதீர்கள்; வாய்மூடியும் இராதீர்கள்; சட்டம் இருக்கின்றது, புகார் எழுதத் தெரிந்தவர்கள் இக்கழகத்தில் இருக்கின்றார்கள், வாருங்கள். அடுத்த ஆட்டம் இரண்டு நாளில் வந்தாலும், இரண்டு ஆண்டுகளில் வந்தாலும், களத்திற்குப் போங்கள்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் மலரில் வென்றோர் பட்டியலோடு, தவறி விழுந்து மீண்டும் எழுதியோர் பட்டியலும் இடம்பெற வேண்டும் என்பது எமது வேண்டுகோள். 

வாழ்க அண்ணல் அம்பேத்கர்! வளர்க நமது கல்விப் பணி!