பரம்பரையில் நீரிழிவு உள்ளவர்களுக்கு யோகாசனம்
(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சீனி வருத்தம் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்க நினைத்தேன். உயர்த்தாதவர்களை எண்ணுவதுதான் இலகு என்பதால் விட்டுவிட்டேன்.

என் கையும் உயரும். அம்மாவுக்கு 48 வயதில் நீரிழிவு வந்தது. கடைசியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் நான் என் இரத்தத்தைச் சோதித்தது 41 வயதில்தான். வெறும் வயிற்றில் 112. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை, 126 என்றால் நோய். அன்றிரவு நித்திரை வரவில்லை.

சென்னையில் டொக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், இந்த முந்திய நிலையில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழமைபோல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி, தினமும் அரைமணி நேரம் நடந்தவர்களில் 39 பேருக்கு.

அது நடை. எனக்கோ பின்னேரமானால் மழை, கண்டி வீதியில் பஸ், இருட்டினால் நாய். அறைக்குள் பாய் விரிக்க யாரும் தடையில்லை.

வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும். பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும்தான் இருக்கின்றன. ஆகவே கண்ணை மூடி உட்கார்ந்தால் மட்டும் போதாது. நின்று செய்யும் ஆசனங்களும், மூச்சு வாங்குமளவு சூரிய நமஸ்காரமும் வேண்டும். (பெயருக்காகத் தயங்கும் முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகள் பெயரை விட்டுவிட்டுக் குனிந்து நிமிரலாம், தசைக்குப் பெயர் தெரியாது.)

ஏற்கனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் யோகாசனத்தை நம்பி அதை நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்திவிட்டு மயங்கி வந்தவர்களை வார்ட்டில் பார்த்திருக்கிறேன். விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் தலைகீழாக நிற்கவே கூடாது. கர்ப்ப காலத்தில் சீனி இருந்த தங்கைமாரே, பிள்ளை பிறந்ததும் போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள். பிற்காலத்தில் அது திரும்பி வருவது உங்களுக்குத்தான் அதிகம்.

இப்போது எனக்கு 46 வயது. போன மாதம் 103. இன்னும் நூறுக்குக் கீழே வரவில்லை, ஆனால் 126ஐத் தொடவுமில்லை.

தேநீர் மேசையில் நம்மூர்த் தலகுலி இருப்பதைப் பார்த்தேன். நானும் ஒன்று எடுப்பேன், ஒன்றே ஒன்று. விரலில் குத்திப் பார்க்கும் கருவியைக் கொண்டு வந்திருக்கிறேன். அதில் கூடுதலாகக் காட்டினால் வைத்தியசாலையில் சரிபார்க்க வேண்டும். காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வந்தவர்கள் முதலில் என்னிடம் வாருங்கள். தலகுலி அதற்குப் பிறகு.