பெட்டிப் பலகையில் ஒரு மேசை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் பைன் மரப்பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. பிரித்த பலகைகளைப் பழைய மரக்கடையில் வாங்கினால், வீட்டிலேயே மேசை செய்யலாம். முதலில் பலகையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றால் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிய மரம். 'எம்.பி.' என்றால் மீத்தைல் புரோமைடு நச்சுப்புகை போட்டது, அது வேண்டாம்.

குறுகிய பலகைகளை ஒட்டி அகலமாக்க நல்ல வழி, பிஸ்கட் ஜாயின்ட். 1950களில் சுவிட்சர்லாந்துத் தச்சர் ஹெர்மன் ஸ்டைனர் உருவாக்கியது. பிஸ்கட் என்பது பீச் மரத்தை அழுத்திச் செய்த, சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நீள்வட்ட வில்லை.

ஆணிகளைப் பிடுங்கி, விளிம்பை இழைத்து, இரு பலகையிலும் நேருக்கு நேராகப் பிறை வடிவக் காடி வெட்டுங்கள். வெள்ளைப் பசை தடவி, வில்லையைச் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பசையின் ஈரத்தைக் குடித்து வில்லை உப்பும். காடியை இறுகப் பற்றிக்கொள்ளும். காடி சற்று நீளமாக இருப்பதால், பசை காயுமுன் பலகையை நகர்த்திச் சரிசெய்யலாம்.

வில்லைகளை மூடிய டப்பாவில் வையுங்கள். மழைக்கால ஈரத்தில் முன்பே உப்பிவிட்டால் காடிக்குள் நுழையாது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள். நல்ல மரத்தை அடுப்புக்கு அனுப்பாதீர்கள்!