கீல்வாதம்: நோவு தணிந்த பின்

நலமாக உறங்கச் சென்ற ஒருவர் நள்ளிரவிலே காற்பெருவிரல் மூட்டில் தாங்கொணாத நோவுடன் விழித்துக்கொள்கிறார். மூட்டுச் சிவந்து வீங்குகிறது. போர்வையின் நுனி படுவதும் பொறுக்க முடிவதில்லை. இரண்டொரு வாரத்தில் நோவு தானாகவே தணிகிறது. நோயும் தீர்ந்ததென்று அவர் மகிழ்கிறார். கௌட் எனப்படும் இக்கீல்வாதத்தில் மனிதர் ஏமாறும் இடம் இதுவே.

உடலின் உயிரணுக்களிலும் உண்ணும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. அதனைப் பெரும்பாலும் சிறுநீரகங்களே வெளியேற்றுகின்றன. வெளியேற்றம் குறைந்தால் அமிலம் குருதியில் மிகுந்து, ஊசி போன்ற நுண்ணிய பளிங்குகளாக மூட்டுகளிற் படிகின்றது. நோவு தணிந்தாலும் இப்பளிங்குகள் அங்கேயே இருக்கும். ஆண்டுக்கணக்கிற் பெருகி மூட்டையே அரித்துவிடவுங் கூடும்.

ஆகவே மருந்தும் இருவகைப்படும். ஒன்று நோவையும் வீக்கத்தையும் தணிப்பது, கொல்சிசீன் இவ்வகையினது. நம் வேலிகளிற் படரும் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கிலும் இச்சத்து உண்டு. ஆனால் அக்கிழங்கு உயிரைக் கொல்லும் நஞ்சு. அதனைக் கைமருந்தாகக் கொள்ளவே கூடாது. மற்ற நோவுக் குளிசைகளும் சிறுநீரக நோய், குடற்புண் உள்ளோருக்குத் தீங்கு செய்யுமாதலால், வைத்தியரைக் கேளாது அவற்றை விழுங்குதல் தகாது.

மற்றையது அமிலத்தையே குறைப்பது. 1988ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியன், ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் ஆகியோரின் ஆய்விலே பிறந்த அலோபியூரினோல் இவ்வகையிற் பெயர்பெற்றது. நோய் அடிக்கடி மீண்டு வருவோருக்கு வைத்தியர் இதனைச் சிற்றளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார். குருதியில் 100 மில்லிலீற்றருக்கு 6 மில்லிகிராமிலும் குறைவாக அமிலம் நிற்றல் வேண்டும். பழைய பளிங்குகள் கரையத் தொடங்கும் முதல் மாதங்களில் நோவு மீண்டும் தோன்றலாம். மருந்து பலிக்கவில்லையென்று எண்ணி அப்போது நிறுத்துவோர் பலர். நோவு இல்லையென்று நிறுத்துவோரும் பலர். இரண்டும் பிழை. தோலிற் கொப்புளமோ தடிப்போ தோன்றினால் மட்டும் மருந்தை உடனே நிறுத்தி வைத்தியரிடம் விரைதல் வேண்டும்.

உணவில் ஈரல், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்பு இறைச்சிகளை விலக்குதல் நன்று. நெத்தலி, சாளை போன்ற மீன்களையும், அவற்றின் கருவாட்டையும், ஆட்டிறைச்சியையும் குறைத்தல் வேண்டும். மதுவகை யாவும் கேடு. அவற்றுள்ளும் பியர் மிகக் கொடிது. இனிப்பூட்டிய குளிர்பானங்களும் அமிலத்தைக் கூட்டுவன. ஆனால் பருப்பையும் கீரையையும் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அவற்றையும் ஒதுக்கிவிட்டு வெறுஞ்சோறு உண்போர் வீணே மெலிகின்றனர். ஆடை நீக்கிய பாலும் மோரும் நன்மை தருவன. பருத்த உடலை மெல்ல மெல்லக் குறைத்தல் வேண்டும். பட்டினி கிடந்தால் அதுவே நோவைக் கிளப்பிவிடும்.

எனினும் பத்தியம் மட்டும் அமிலத்தைச் சிறிதளவே குறைக்கும். நோவில்லாத நாளிலும் அன்றாடக் குளிசையை மறவாதவரே இந்நோயை வென்றவராவார்.