பக்கத்து நிலத்துப் பத்திரத்தில் நம் பாட்டன்

(இளம் ஆய்வாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடும்ப வரலாறு எழுதுவது என்றதும் நம்மில் பலருக்கு ஒரு கூச்சம் வருகிறது. அது 'ஆண்ட பரம்பரை' பேசுகிறவர்களின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். அவர்கள் தேடுவது பெருமை. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்தக் கழனியில் யார் உழைத்தார்கள்? அந்தக் கழனி யார் கைக்கு, எப்படிப் போனது? சேரியிலிருந்து முதலில் பள்ளிக்கூடம் போனது யார்? நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஆவணம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் நமக்காக எழுதப்பட்டதல்ல.

யார் எழுதினார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். 1980இல் ஒழிக்கப்படும் வரை தமிழ்நாட்டில் கிராமக் கணக்கு எழுதியவர்கள் பரம்பரைக் கர்ணங்கள். பிறப்பு, இறப்பைக் குறித்தவர் மணியக்காரர். இந்தப் பதவிகள் பெரும்பாலும் ஊரின் ஆதிக்கச் சாதிக் குடும்பங்களிடமே இருந்தன. நிலமும் அவர்களிடம், நிலத்தைப் பற்றி எழுதும் பேனாவும் அவர்களிடம். ஆகவே பதிவேட்டில் ஒரு பெயர் இல்லை என்றால் அந்த ஆள் அங்கே இல்லை என்று பொருளல்ல.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை அளித்தார். அதைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான். முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். காரணை நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம். குடும்ப வரலாறு என்று நான் பேசுவது இந்த நிலத்திலிருந்து பிரிக்க முடியாதது.

என் ஆயா சாகும்வரை "ஏரிக்குக் கீழ ரெண்டு காணி நம்மளுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைய அ-பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே வேறொரு குடும்பத்தின் பெயர். வட்ட அலுவலகம் ஒன்றில், பழைய பதிவேடு செல்லரித்துப் போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அப்போதுதான் பக்கத்து நிலங்களுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பழைய கிரயப் பத்திரங்களின் நகல்களை வாங்கினேன். சார்பதிவாளர் அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் பதிவான பத்திரங்களின் நகலைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பெறலாம்.

பத்திரத்தில் செக்குபந்தி என்று ஒரு பகுதி உண்டு. விற்கும் நிலத்துக்கு நாலு பக்கமும் யார் நிலம் என்று அதில் எழுதுவார்கள். அங்கே இருந்தார் என் கொள்ளுத் தாத்தா. அப்பா பெயர் இல்லை, மரியாதை இல்லை. வெறும் பெயரும் அதோடு ஒட்டிய சாதியும், 'நிலத்துக்கு மேற்கு' என்ற சொற்களும். தன் நிலத்தின் எல்லையைக் காட்ட வேண்டிய அவசியத்தில் அந்த மிராசுதார் எங்களுக்கு நிலம் இருந்ததை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு வரி மட்டுமே நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் எந்த சர்வே எண்ணைத் தேட வேண்டும், எந்த ஆண்டு வரை நிலம் கையில் இருந்தது என்று அது சொல்லிவிடும். ஆகவே உங்கள் தாத்தாவை அவர் பெயரில் உள்ள ஆவணத்தில் மட்டும் தேடாதீர்கள்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். 1922இல் சென்னை மாகாண அரசு 'பறையர்', 'பஞ்சமர்' என்பதற்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஒப்புக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் ஒரே குடும்பம் வேறு வேறு சொல்லில் இருக்கும். திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அதே ஆள் விவிலியப் பெயரில் இருப்பார். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்ததால், வீட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயருமாக வாழ்ந்த குடும்பங்கள் பல. அதைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள், அவர்களை அப்படி வாழவைத்தது சட்டம். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய இத்தகைய விவரங்களை வெளியிடவும் செய்யாதீர்கள். உங்கள் ஆய்வுக்காக ஒரு தங்கையின் சாதிச் சான்றிதழ் பறிபோகக் கூடாது.

பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். பட்டாவில் அநேகமாக இருக்க மாட்டார்கள். இறப்புப் பதிவேடு, திருமணப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு மூன்றையும் பாருங்கள். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிச் சென்றது. அதிலிருந்து 1911 வரை போன கப்பல்களின் பட்டியல்களில் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா எல்லாம் உண்டு. ஊரில் எந்தக் கணக்கிலும் ஏறாத ஒரு பெண்ணுக்கு அங்கே தனி எண் கொடுத்திருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை தேவைப்பட்டது, அவ்வளவுதான் அந்த அக்கறை. ஆனால் நமக்கு அது அவருடைய பெயர்.

காகிதத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது வாய்மொழிப் பதிவு. முதியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள், கழனியின் பெயரைக் கேளுங்கள். யார் வீட்டில் படியாளாக இருந்தார்கள், எத்தனை மரக்கால் கூலி, குலதெய்வம் எந்த ஊரில், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்று கேளுங்கள். இடப்பெயர்வின் வழி அதில் கிடைத்துவிடும். அவர்கள் பேச்சைத் திருத்தி எழுதாதீர்கள். சிலவற்றை அவர்கள் சொல்ல மறுப்பார்கள், அந்த மறுப்புக்கு மரியாதை கொடுங்கள். பதிவில் தேதி, இடம், பேசுபவர் யார் என்பதைச் சொல்லி, இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள்.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை எழுதி வெளியிட்டார். நம் வாழ்வை நாமே எழுதுவது நமக்குப் புதிதல்ல. பதிவேடுகளை நகலகத்தில் பிறகும் வாங்கலாம். ஏரிக்குக் கீழே இருக்கும் கழனிக்கு அந்தக் காலத்தில் என்ன பெயர் என்று தெரிந்தவர்களுக்கு இப்போது வயது எண்பதுக்கு மேல். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள்.