ஓடைக்கரையில் ஒரு காலை



போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறினால், சுமார் 4,500 அடி உயரத்தில் போடிமெட்டை அடையலாம். தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் அங்கே சந்திக்கின்றன. கிழக்குச் சரிவில் விழும் மழைநீர் வையைப் பக்கம் இறங்குகிறது. மேற்குச் சரிவில் விழுவது பன்னியாறாகி, முதிரப்புழையில் கலந்து, பெரியாற்றின் வழியே மேல்கடலைச் சேர்கிறது.

சென்ற பங்குனியில் ஒரு நாள், விடியுமுன், நாங்கள் நால்வர் மெட்டுக்கு மேற்கே ஏலத்தோட்டத்தை ஒட்டிய ஓர் ஓடைக்கரையில் நடந்தோம். காட்டு யானைகள் உலவும் பகுதி அது. அருகிலுள்ள ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தின் பெயரே அதற்குச் சான்று. ஆகவே நெடுங்காலம் தோட்டவேலை பார்த்த போடிப் பெரியவர் ஒருவரை வழித்துணையாக அழைத்துக்கொண்டோம்.

இருள் பிரியாத வேளையில் யாரோ சீட்டியடிக்கும் ஓசை கேட்டது. சிறுவன் ஒருவன் ஒரு மெட்டைத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடியும் தொடங்குவது போல் இருந்தது. நாங்கள் சுற்றுமுற்றும் பார்த்தோம். “ஆள் இல்லை ஐயா, குருவிதான்” என்று பெரியவர் சிரித்தார். சீகாரப் பூங்குருவி என்பது அதுவே. வெளிச்சம் வந்ததும் பாறைமேல் அதைக் கண்டோம்: கருமை படர்ந்த உடல், தோளிலும் நெற்றியிலும் ஒளிரும் நீலம். மலையோடைகளின் அருகிலேயே அது வாழ்கிறது; நீரோரப் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகிறது.

பொழுது புலர்ந்ததும் குக்குறுவான்கள் ஓயாமல் கூவத் தொடங்கின. செம்மீசைச் சின்னான்கள் புதருக்குப் புதர் தாவின. சோலை விளிம்பில் நீலகிரி ஈப்பிடிப்பான் ஒன்று கிளையிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து, திரும்பி வந்து அமர்ந்தது. தென்னிந்திய மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அந்த நீலப் பறவையைக் காண இயலாது.

ஆயினும் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது ஒரு விருந்தாளி. முதுகு சாம்பல் நிறம், வயிறு மஞ்சள், நீண்ட வால் ஓயாமல் மேலும் கீழும் ஆடும். சாம்பல் வாலாட்டி என்னும் அப்பறவை இமயத்திலும் அதற்கு அப்பாலும் குஞ்சு பொரித்து, மழைக்காலம் முடியும் தறுவாயில் தெற்கே வருகிறது. பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்பிவிடும். காலில் வளையமிட்டு ஆராய்ந்தோர், வாலாட்டிகள் ஆண்டுதோறும் பழைய இடத்தையே தேடி வருவதைக் கண்டிருக்கிறார்கள்.

“வந்து பார்க்கும்போது ஓடை இருக்க வேண்டுமே, ஐயா!” என்றார் பெரியவர். தம் இளமையில் கோடையிலும் முழங்கால் அளவு நீர் ஓடிய அவ்விடத்தில் இப்போது கணுக்கால்தான் நனைகிறது என்றார். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அதனால்தான் அம்மலைகளில் தோட்டத்துக்குள்ளும் காட்டு மரங்கள் நிற்கின்றன. அம்மரங்கள் குறைந்தால் மண்ணின் ஈரம் குறையும், பூச்சியும் பழமும் குறையும், பறவையும் குறையும். பெரியவர் நூல் எதுவும் படித்து இதைச் சொல்லவில்லை. அந்த மரங்களின் நிழலில் உழைத்து அறிந்ததைச் சொன்னார்.

பறவையறிஞர் சாலிம் அலி 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுத்தார். அதன் பயனாக விளைந்த நூல் 1953-ல் வெளிவந்தது. பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டை அவர் சிறப்பித்துச் சொன்னார். அது 1983-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. போடிமெட்டுக்கு அருகிலுள்ள மதிகெட்டான் சோலை 2003-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பெரிய சோலைகளுக்குச் சட்டம் காவல் இருக்கிறது. தோட்டத்து ஓடைகளுக்கோ அங்கு வாழ்வோரின் கருத்தே காவல்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்களே, ஐப்பசி முதல் பங்குனி வரை உங்கள் ஊர் நீர்க்கரையிலும் புல்வெளியிலும் வாலாட்டிகளைக் காணலாம். பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நமக்கு அவற்றின் பயணம் நன்கு விளங்கும். ஒரு காலையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். உடன் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதைத் தேடுங்கள்.

நாங்கள் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. வாலாட்டி இன்னும் அந்தக் கல்லின்மேல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஐப்பசியில் மறுபடியும் போவதாகப் பெரியவரிடம் சொல்லி வந்திருக்கிறோம்.